பதினேழாம் நம்பர் பில்லை

“உனக்கென்னடி, எல்லாம் உன் வீட்டுக்காரருக்குத்தான். மூத்த மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இருக்கிறது அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகமே வரல.”

“அக்கா, அது சொத்து இல்லக்கா. உரியவங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்லிக் குடுத்தது.”

“ஒப்படைக்க எங்களுக்குக் கை இல்லையா?”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சிங்காரம் அப்படியே நின்றுவிட்டார். கையில் வாழை இலைக் கட்டு. உள்ளே சண்டை போடுவது அவர் மனைவி பவானியும், பவானியின் தங்கை எழிலரசியும். கடலூர் முதுநகரில் அவர்களுடைய அப்பா சுப்பராயலுவின் பழைய வீடு அது. 2009 ஆடி மாதம், அன்று அவருக்குப் பதினாறாம் நாள் காரியம்.

சுப்பராயலு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு படகு பழுதுபார்க்கும் யார்டில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். அந்த யார்டில்தான் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் வேலை. சிங்காரம் அங்கே பத்தொன்பது வருஷம். சின்ன மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்துக்காரன், டிப்ளமோ படித்தவன், வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் புது வண்டி, ஃப்ரிட்ஜ், முதலாளி தோளில் கை போட்டுப் பேசுகிற அளவுக்குப் பழக்கம். சூப்பர்வைசர் வேலை இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் என்று யார்டு முழுக்கப் பேச்சு.

சண்டை ஒரு பித்தளைப் பில்லைக்காக. சின்ன டப்பா மூடி அளவுக்கு வட்டமாக இருக்கும். மேலே ஒரு ஓட்டை, நடுவில் 17 என்று வெட்டியிருக்கும். கூடவே ஒரு நோட்டு. இரண்டையும் சின்ன மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிழவர் கண்ணை மூடிவிட்டார்.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் சிங்காரம் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவனுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் நீர்மூழ்கிக் கப்பலுடைய கதை அது. சுப்பராயலு சீமைக்குக் கடிதம் போட்டு விவரம் வாங்கித் தமிழில் எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அந்த ரகக் கப்பலுக்குப் பெயர் வைக்க மாட்டார்களாம், ஒரு எழுத்தும் ஒரு எண்ணும்தான். நோட்டில் அந்த இடத்தில் மை கரைந்திருந்தது.

1919இல் கடலில் இறக்கினார்கள், முதல் உலகப்போர் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் சீனக் கடலுக்கு அனுப்பினார்கள். ஹாங்காங்கில் பத்து வருஷம். கொள்ளைக்காரர்களைத் தேடிக் காவல் சுற்றியது, 1926இல் ஒரு பெரிய கப்பலில் இடித்துக்கொண்டது. 1930இல் ஊர் திரும்பும் வழியில், முங்குவதற்குத் தண்ணீர் நிரப்புகிற தொட்டியில் ஓட்டை, கொழும்பில் கரையேற்றி ரிப்பேர். 1931இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது, பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஒரு குண்டுகூடச் சுடாத கப்பல்.

கொழும்பு என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. “விபத்து. தொட்டிக்குள் ஒரு கூலியாள் இறப்பு. பெயர் குறிக்கப்படவில்லை.”

அதற்கு அடுத்த இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருந்தது. சிங்காரம் அதைப் பிரிக்கவில்லை. இதற்கா இந்தச் சண்டை என்று நோட்டை மூடி அலமாரியில் போட்டார். பில்லையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் மாஸ்டர்தான் சொன்னார், உங்க சகலைக்கு சூப்பர்வைசர் வேலை உறுதியாகிவிட்டதாமே, ஸ்வீட் எங்கே என்று.

சிங்காரம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பையிலிருந்த பில்லை சில்லென்று நெஞ்சில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தார். ஈரம். வியர்வை என்று நினைத்துத் துடைத்தார். உப்புத் தண்ணீர் வாடை அடித்தது.

யார்டில் அன்று ஒரு இரும்பு பார்ஜ், சரக்கு ஏற்றுகிற தட்டைப் படகு, நின்றது. அதன் அடித் தொட்டிக்குள் இறங்கித் துரு தட்டுகிற வேலை. தொட்டிக்கு ஒரே வாய், ஆள் நுழைகிற அளவு. அதற்குப் பக்கத்தில் ஆணி அடித்த ஒரு பலகை. உள்ளே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட தகரப் பில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். மூடி போடுகிறவர்கள் பலகையைத்தான் பார்ப்பார்கள். பலகை காலியாக இருந்தால் மூடிப் போல்ட் முறுக்கலாம். ஒரு பில்லை இருந்தாலும் மூடியைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே சுப்பராயலுதான். அதில் மட்டும் அவர் யாரையும் விட மாட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். சிங்காரம் தொட்டிப் பக்கம் போனார். பலகையில் ஒரே ஒரு பில்லை தொங்கியது.

ஒன்பது. ஜெயப்பிரகாஷின் நம்பர்.

யாரும் இல்லை.

சிங்காரம் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டு ஆட்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். மூடியைத் தூக்கி வைத்து, பதினாறு நட்டையும் முறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சிங்காரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறக்கவில்லை.

டொக்.

டொக். டொக்.

உள்ளேயிருந்து.

உச்சி வெயில். இரும்பு கொதித்தது. ஆனால் மூடியைச் சுற்றிக் குளிர்ந்த காற்று கசிந்தது. அதோடு ரெட் லெட் வாடை, துரு பிடிக்காமல் இருக்கப் பூசுகிற பழைய காலத்துச் சிவப்புப் பெயிண்ட். அந்தப் பெயிண்டை இந்த யார்டில் யாரும் தொட்டுப் பல வருஷம் ஆகிறது.

டொக். டொக். டொக்.

இரும்புக்கு அடியில் யாரோ வாயை ஒட்டி வைத்துப் பேசுவது போலக் கேட்டது.

“பில்லை மாட்டிட்டுத்தான எறங்குனேன்.”

சிங்காரத்துக்கு எழிலரசி முகம் கண்ணுக்குள் வந்தது. பாய்ந்து ஸ்பானரை எடுத்தார். ஒரு நட்டு, இரண்டு நட்டு. விரல் கிழிந்து ரத்தம் வழுக்கியது. “வந்துட்டேன் சகல, வந்துட்டேன்” என்று முனகிக்கொண்டே கழற்றினார். பன்னிரண்டு நட்டு கழன்றது.

“என்னண்ணே பண்றீங்க?”

குரல் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார். ஜெயப்பிரகாஷ் டிபன் கேரியரோடு நின்றான். உள்ளே இருந்தபோது எழிலரசி போன் செய்தாளாம், சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் மேலே ஏறி வந்தவன் பேசிக்கொண்டே நடந்துவிட்டான். பில்லையை எடுக்க மறந்த நினைப்பு இப்போதுதான் வந்ததாம்.

பலகை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “நீங்க எடுத்து வெச்சீங்களா? நல்லவேளைண்ணே. மாமா இருந்திருந்தா என் தோல உரிச்சிருப்பாரு.”

சிங்காரம் பதில் சொல்வதற்குள்—

டொக். டொக். டொக்.

ஜெயப்பிரகாஷின் கையிலிருந்த கேரியர் கீழே விழுந்தது.

மிச்ச நாலு நட்டையும் இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினார்கள். மூடியைப் புரட்டினார்கள். உள்ளே டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார்கள். துருத்தூள்தான் இருந்தது, ஆள் இல்லை.

மூடியின் உள்பக்கத்தில் மட்டும் பத்து விரலும் இழுத்த கோடு. ரெட் லெட் நிறத்தில், ஈரமாக.

சிங்காரம் நெஞ்சைத் தடவினார். பையில் ஒன்பது இருந்தது. பதினேழு இல்லை.

அது பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. மெல்ல ஆடிக்கொண்டு.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டி அந்த ஒட்டிய பக்கங்களைப் பிரித்தார். சுப்பராயலு தன் அப்பா பொன்னுரங்கம் சாகும்போது சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்.

‘நானும் தேவசகாயமும் முதுநகரிலிருந்து ஒன்றாகத்தான் கொழும்புக்குப் போனோம். மூன்று மாதத்தில் அவனை எனக்கு மேலே மேஸ்திரி ஆக்கினார்கள். எனக்கு ஆறவில்லை. முங்குகிற கப்பலின் தண்ணீர்த் தொட்டிக்குள் அவன் இறங்கியிருந்தான். பலகையில் இருந்த அவன் பில்லையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். மூடினார்கள். ஓட்டை அடைபட்டதா என்று பார்க்கத் தண்ணீர் விட்டார்கள். தட்டுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. நான் சொல்லவில்லை.’

கீழே சுப்பராயலு தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்திருந்தார். ‘பொறாமைப்படுகிறவன் கையில் இது இருக்கக் கூடாது. தேவசகாயத்தின் குடும்பத்தைத் தேடி ஒப்படைக்க வேண்டும்.’

எட்டு நாள் கழித்து சிங்காரம் எல்லாவற்றையும் ஜெயப்பிரகாஷிடம் ஒத்துக்கொண்டார். அவன் போலீசுக்கும் போகவில்லை, எழிலரசியிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் சிங்காரம் வேலையில் இருக்கிற நேரத்தில் அவன் தொட்டிக்குள் இறங்குவதே இல்லை.

சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவனும் தேடிப் பார்த்தான். சர்ச்சுகளுக்குக் கடிதம் போட்டான். மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. பில்லையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் மத்தியானம் தொட்டி மூடுகிற நேரத்துக்குப் பலகையில் தொங்குகிறது. பில்லை இருந்தால் மூடக் கூடாது, சட்டம் சட்டம்தானே. அதனால் தினமும் சிங்காரம் போய்த் தொட்டி வாயில் குனிந்து மூன்று தட்டு தட்டி, “தேவசகாயம், வெளிய வாங்க” என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. உள்ளேயிருந்து மூன்று தட்டு பதிலுக்கு வரும். அப்புறம்தான் பில்லை ஆணியிலிருந்து கழன்று வரும்.

சிங்காரம் எனக்குப் பழக்கம். அவர் கேட்டுக்கொண்டதால்தான் ஊர், பேர் எல்லாம் சொல்லி இதை எழுதுகிறேன். அடுத்த மாதத்தோடு அவர் வேலையை விட்டு நிற்கிறார். அதற்கப்புறம் கூப்பிட யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

1929 வாக்கில் கடலூர் முதுநகரிலிருந்து கொழும்பு துறைமுக வேலைக்குப் போய்த் திரும்பாத தேவசகாயம் என்று உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தார்களா? வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் தயவுசெய்து கீழே பதில் போடுங்கள். பில்லையை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.