மிச்சமிருந்த ஒரு சொல்

பொற்கொடி பல் துலக்கியதும் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தாள். நீலத்துறையில் எல்லா வீட்டிலும் காலை வேலை இதுதான்: எந்தச் சொல்லுக்கு இன்னும் சத்தம் இருக்கிறது என்று பார்ப்பது. "ஃபிராடு" என்றாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. "டிஸ்கிரேஸ்." நேற்று வரை இருந்தது, இன்று அதுவும் இல்லை.

பிறகு சுவரில் இருந்த மகளின் படத்தைப் பார்த்து, "நறுமுகை, அம்மா கிளம்புறேன்" என்றாள். அது மட்டும் கணீரென்று வந்தது.

மானக் காப்புச் சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. யாரும் யாரையும் தூற்ற முடியாது என்றால் நல்லதுதானே? எல்லார் தொண்டையிலும் அரிசி அளவு சில்லு வைத்தார்கள். சொற்காப்பு என்று பெயர். ஒரு சொல் பட்டு ஒருவர் கூனிக்குறுகினால் போதும், அடுத்த கணமே அத்தனை தொண்டையிலும் அது ஊமையாகிவிடும். தமிழ் வசவுகள் முதலில் போயின. ஜனங்கள் விடுவார்களா, இங்கிலீஷுக்குத் தாவினார்கள். ஸ்கவுண்ட்ரல், ஷேம், சீட்டிங் எல்லாம் வரிசையாகச் செத்தன. யாருடைய மானத்துக்கு இத்தனை காவல் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

உப்புநீக்கி ஆலையில் வாயு கசிந்த அன்று, வெளிக்கதவைப் பூட்டிவைக்கச் சொன்னவர் டைரக்டர். உள்ளே செத்தவர்களில் நறுமுகை ஒருத்தி. 'கொலை', 'பூட்டு' என்ற சொற்களும் அந்த வாரமே போய்விட்டன. வீட்டைப் பூட்டச் சொல்லக்கூட இப்போது ஊரில் சைகைதான்.

இன்று விசாரணை. ஒவ்வொரு சாவுக்கும் தனி வழக்கு. குற்றச்சாட்டை வாயால் சொல்ல வேண்டும், எழுதித் தந்தால் செல்லாது. பொற்கொடியிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அவள் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவள். ஓடித் தேய்ந்த பஸ்ஸை ஒதுக்கும்போது அங்கே 'கண்டெம்' பண்ணுவார்கள். மனிதரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அதனால் அது தப்பிப் பிழைத்திருந்தது.

விசாரணைக் கூடத்து வாசலில் செலின் அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷனும் அதே நாளில்தான் போனான்.

"என்கிட்ட ஒரு வார்த்தையும் இல்லக்கா. உள்ள போயி என்னத்தச் சொல்ல?"

பொற்கொடிக்கு மனசு கேட்கவில்லை. காதோடு காதாக அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள். "சேர்ந்தே போயி ஒரே மூச்சுல சொல்லுவோம். தனியா சொல்லிடாத தாயி. எம் பொண்ணுக்கு வேற வார்த்தை இல்ல."

"சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா."

ஆனால் வாசல் காவலர், "ஒவ்வொருத்தராத்தான்" என்று செலினை மட்டும் உள்ளே விட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. டைரக்டர் தலையை நிமிர்த்தி, "இந்தம்மா யாரு?" என்று தன் வக்கீலைக் கேட்டார்.

செலினுக்குத் தாங்கவில்லை. "ஒன்னைய கண்டெம் பண்றேன்யா! கண்டெம்!" என்று கத்தினாள். டைரக்டர் ஒரு கணம் குறுகிப்போனார். வெளியே பொற்கொடி அவசரமாகச் சொல்லிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

செலின் வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். பொற்கொடி அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

அதிகாரி கேட்டதற்கு, தெரிந்த சொல் எல்லாம் சொன்னாள். வாய்தான் அசைந்தது. அதிகாரிக்கே இரக்கம் வந்துவிட்டது. "சரிம்மா, இறந்த பொண்ணு பேரையாவது சொல்லுங்க. அதை வச்சுப் பதிவு பண்றேன்."

பொற்கொடிக்குப் போன உயிர் திரும்பியது. பிள்ளை பிறந்த நாள் முதல் கூப்பிட்ட பெயர். டைரக்டரின் முகத்தைப் பார்த்து, "நறுமுகை!" என்றாள்.

கூடம் முழுக்கக் கேட்டது. டைரக்டர் கண்ணைத் தாழ்த்தினார். கழுத்து மடங்கி, தோள் குறுகி, நாற்காலிக்குள் ஒடுங்கினார்.

"மெஷினை இப்பத்தான் போட்டேன், பதிவுக்கு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

பொற்கொடி சொன்னாள். மறுபடி சொன்னாள். தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னாள். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, 'குற்றச்சாட்டு இல்லை' என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் நின்றாள். வெகுநேரம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடைசியில், "அம்மா வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.