திட்டு வாங்க ஒரு பேர்

இன்று உலகம் முழுக்கக் கடை பரப்பியிருக்கும் அந்தக் கம்பெனி, அன்று ஒசாகாவில் ஒரு மீன்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

நிஷிவாகியும் அவருடைய கூட்டாளி குரோய்வாவும் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு பன்னிரண்டு ரேடியோக்கள் செய்திருந்தார்கள். அவற்றை வாங்கவிருந்த பெரிய கடைக்காரரோ, "பேரில்லாத சரக்கு எனக்கு வேணாம். மத்தியானம் வண்டி வரும். பேர் இருந்தா ஏத்துவாங்க," என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வண்டி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. பெயர் எழுத வந்த ஓவியர் தூரிகையோடு காத்திருந்தார்.

"உங்க பேரையே வைப்போம் அண்ணே," என்று குனிந்து வணங்கினார் நிஷிவாகி.

"ஐயையோ! நீங்க இருக்கும்போது என் பேரா?" என்று இன்னும் கீழே குனிந்தார் குரோய்வா.

மடேர்! தலைகள் முட்டிக்கொண்டன. "மன்னிச்சுக்குங்க!" என்று இருவரும் மறுபடி குனிந்தார்கள். மறுபடி மடேர்!

மூலையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கினுயோவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவள் நிஷிவாகியின் மகள். வயது பத்து. வண்டி சும்மா திரும்பினால் அப்பாவின் உழைப்பெல்லாம் பாழாகிவிடுமே!

"அப்பா, ரேடியோ கெட்டுப்போனா யாரைத் திட்டுவாங்க?"

"பேர் போட்டிருக்கிறவங்களைத்தான்."

அவ்வளவுதான்!

"அப்போ என் பேரைப் போடுங்க! திட்டு எனக்கே வரட்டும்," என்றார் குரோய்வா.

"அண்ணனைத் திட்ட விடுவேனா? என் பேருதான்!" என்றார் நிஷிவாகி.

"என் பேரு!"

"என் பேரு!"

ஓவியர் தலையில் கை வைத்தார். "இவ்வளவு மரியாதையை இந்த ரூம் தாங்காதுங்க! ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்க!"

கினுயோ முன்னால் வந்தாள். "என் பேரைப் போடுங்க. நான்தான் தினமும் திட்டு வாங்குறேனே! ஸ்கூல்ல டீச்சர், வீட்டுல அம்மா. இன்னும் நாலு பேர் திட்டினா என்ன? எனக்குப் பழகிப்போச்சு!"

குரோய்வா விழுந்து விழுந்து சிரித்தார். "கினுயோ ரேடியோ! அடடா, சொல்லும்போதே பாடுதே!"

"சின்னப் பொண்ணு பேரையா..." என்று நிஷிவாகி இழுப்பதற்குள் ஓவியர் முதல் ரேடியோப் பெட்டியில் எழுதியே முடித்துவிட்டார்.

பன்னிரண்டாவது பெட்டியில் சாயம் காய்வதற்குள் வண்டி வந்துவிட்டது. ஆட்கள் பெட்டியைத் தூக்கப் போனார்கள்.

"நில்லுங்க!" நிஷிவாகி கைகளை விரித்து வாசலை மறித்தார். "எல்லாத்தையும் இன்னொரு தடவை சோதிச்சுடறேன்!"

"காலையிலதானே மூணு தடவை சோதிச்சீங்க, அப்பா?"

"அப்போ அது வெறும் ரேடியோ. இப்போ அது கொரகொரன்னா ஊரே எம்பொண்ணைத் திட்டுமே!"

அவர் திரும்பிப் பார்த்தபோது, குரோய்வா முதல் ரேடியோவின் முதுகை ஏற்கெனவே கழற்றிக்கொண்டிருந்தார்.