வாசலில் ஒரு கிண்ணம்

பக்கத்து அறை வாசலில் டைப்பிஸ்ட் அக்காவின் அலுமினியக் கிண்ணம் இருந்தது. லிஃப்ட்காரர் இன்று இன்னும் அதை அங்கே கொண்டுபோய் வைக்கவே இல்லை.

அந்தத் தர்ம இல்லத்தில் சாயங்காலமானால் அவரவர் வாசலில் கிண்ணம் வைக்க வேண்டும். கிண்ணம் இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆயா கஞ்சியை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இல்லாவிட்டால்தான் கதவைத் திறந்து பார்ப்பார்கள். காலமெல்லாம் லிஃப்ட்டில் ஊரையே ஏற்றி இறக்கியவருக்கும், அடுத்தவர் கடிதங்களைத் தட்டியே விரல் தேய்ந்தவளுக்கும் கடைசியில் கிடைத்த மரியாதை ஒரு கரண்டி.

முந்தாநாள் அக்கா கட்டிலில் விறைத்துக் கிடந்ததைப் பார்த்தவர் லிஃப்ட்காரர் ஒருவர்தான். சொல்லத்தான் நினைத்தார். அவள் பங்குக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றது வயிறு. அவள் கிண்ணத்தை அவள் வாசலில் வைத்து, ஆயா ஊற்றிப் போனதும் தன் அறைக்கு எடுத்து வந்தார். நாற்றம் வெளியே வராமல் அவள் கதவின் கீழ் இடுக்கில் பழந்துணியை அடைத்தார். நேற்றும் வயிறு அதையேதான் சொன்னது.

"என்ன லிஃப்ட்டு, இன்னும் மேல போகலையா?" ஆயா வாளியோடு வந்தாள். அக்காவின் கிண்ணத்தில் ஊற்றினாள். "உப்பு பத்தலையாம். உள்ள இருந்து ஒரே முனகல்."

"அக்காவா முனகுறாங்க?"

"பின்ன, நானா? உங்க கிண்ணத்த வைங்க. அந்தக் கோடிக்கு ஊத்திட்டு வரேன். வர்றப்போ இல்லேன்னா, ஆளு காலின்னு கதவத் தொறந்துடுவேன்!"

சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் திருப்பத்தில் மறைந்ததும், பக்கத்துக் கதவின் அடியிலிருந்து பழந்துணி மெல்ல, மிக மெல்ல, வெளியே தள்ளப்பட்டது. பின்னாலேயே ஐந்து விரல்கள். கறுத்த, நுனி தேய்ந்த விரல்கள். கதவு ஓரம் திறந்தது. கிண்ணம் தரையைக் கீறிக்கொண்டு உள்ளே போனது. உறிஞ்சும் சத்தம்.

லிஃப்ட்காரரின் கையிலிருந்த கிண்ணம் நழுவி, உருண்டு, அந்தக் கதவருகே போய் நின்றது.

அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். இடது கை மரத்தது. கால் மரத்தது. கட்டிலில் சரிந்தார். கத்தப் பார்த்தார். நாக்கு கல்லாய்க் கிடந்தது.

போகட்டும். வாசலில் கிண்ணம் இல்லை. ஆயா வருவாள். கதவைத் திறப்பாள்.

வாளிச் சத்தம் நெருங்கியது.

ணங்.

அவர் வாசலில் யாரோ கிண்ணம் வைத்தார்கள்.

"சமத்து!" என்றாள் ஆயா. கஞ்சி விழுந்தது. காலடிகள் போயின.

கதவின் அடியில், வராந்தா விளக்கு கோடாய்த் தெரிந்தது. அந்தக் கோட்டின் ஓரத்தில் துணி நுழைந்தது. யாரோ விரலால் குத்திக் குத்தி, பொறுமையாக, அதை அடைத்துக்கொண்டே வந்தார்கள்.