கண்ணில் மஞ்சள் துணி

லண்டனில் கலை வரலாற்றில் ஆய்வு செய்யும் யுவனேஸ்வரி, மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு அண்ணன் குணாளனின் காய்கறி லோரியில்தான் வந்து இறங்கினாள். பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்துக்குப் பின்னால் ஈரமண் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து வந்தன. அங்கேதான் முனீஸ்வரர் நின்றார், கண்ணில் மஞ்சள் துணி கட்டியபடி.

சிலை செய்தவர் அதற்குக் கண் வரைந்து திறக்குமுன்பே செத்துப்போனாராம். பூசை பார்க்கும் செல்லம் அக்கா, கொழுந்தெடுக்கப் போகும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். துணியைத் தொடக்கூடாது, சாமியின் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழவேண்டும், மனுசன்மேல் விழக்கூடாது.

யுவனேஸ்வரிக்கு இது தெரியாதா என்ன? முதல் பார்வையைப் பற்றி ஆய்வேட்டில் மூன்று பக்கம் எழுதியவளாயிற்றே! ஆனால் முகம் தெரியும் படம் இல்லையென்றால் அந்த அத்தியாயமே வேண்டாம் என்று பேராசிரியர் எழுதிவிட்டார். மறுநாள் விமானம். கண்ணே வரையாத சிலை எதைப் பார்க்கப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படத்தில் நிறம் பிசகாமலிருக்க, முகத்தருகே ஒரு நிற அட்டையை யாராவது பிடிக்கவேண்டும். அவர்கள் தொழில் வழக்கம் அது. அட்டையைக் குணாளன் கையில் கொடுத்தாள்.

"வேணாம்லா, யுவனா."

"ரெண்டே நிமிஷம்ண்ணே."

சிலைக்குப் பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள்.

கண்கள் இருந்தன.

பூச்சு இன்னும் ஈரமாக.

அவை குணாளனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏன் இப்படி இருட்டிருச்சு?" என்றான் அவன் மெதுவாக.

அப்போதும் படத்தை எடுத்துவிட்டுத்தான் அண்ணன் கையைப் பிடித்தாள், பாவி.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர்கள் அடித்துச் சொன்னார்கள். ஆனால் குணாளனுக்குப் பார்வை திரும்பவில்லை; அவன் லோரியைத் தொட்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்குப் பட்டம் கிடைத்தது. படத்தை எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். சிலைக்குச் செல்லம் அக்கா மறுபடி கட்டிய துணி ஒருநாள்கூட நிற்கவில்லையாம்.

அண்ணனைப் பார்க்க வந்திருந்தாள். காலையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"லயத்து மேட்டுல ஆளுங்க ஏறி வர்றாங்க. ஆறு பேரு. கேமரா வச்சிருக்காங்க."

பேராசிரியர் ஆறு மாணவர்களை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார், அவள் எடுத்த படத்தைக் காட்டி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"திரும்பிப் போகச் சொல்லுண்ணே," என்று அழுதாள்.

"கிட்ட வரட்டும்."

குரல் அண்ணனுடையதுதான். அவன் வாய் அசையவே இல்லை.