பதில் தட்டாத வீடு

குழாயைத் திறந்ததும் தண்ணீரில் சேற்று வாடை அடித்தது. ஆற்றுச் சேறு, பாசியும் அழுகிய இலையும் ஊறிக் கிடக்கும் கரையோரத்தில் காலை வைத்தால் குமிழியிட்டு மேலே வரும் அந்த வாடை. டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இந்த ஊருக்கு ஆறே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தோண்டிய ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிற தண்ணீர் இது. போன வாரம் மோட்டார் பழுதுபார்க்க வந்தவன் எதையோ கெடுத்து வைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினார். வேலை தெரியாதவர்களால்தான் உலகம் நாசமாகிறது என்பது அவருடைய நெடுநாள் கருத்து.

அவர் தீப்பாதுகாப்பு ஆய்வாளர். அடுத்தவர் கட்டடத்துக்குள் போய், படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதையும் அவசர வழியைப் பூட்டி வைத்திருப்பதையும் கண்டுபிடித்து, உதட்டைச் சுழித்துவிட்டு வருவது தொழில். அந்தச் சுழிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் நேராவதில்லை.

மேசைமேல் ஆற்றங்கரை நகரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. தங்கை அங்கேதான் இருக்கிறாள், ஆற்றை ஒட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றின் உச்சியில். அவள் கணவர் ஆற்றோரத்து நீரேற்று நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர். பம்பை விட்டுவிட்டு ஊரைத் தாண்ட மாட்டார். அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. துணையில்லாமல் படியிறங்க முடியாது. அந்த நகரத்தில் போர் தொடங்கியதிலிருந்து, நேரில் போய் அவளை அழைத்து வந்துவிடுவதாக இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகிற ஆள் அல்ல இவர். காலையில் நுழைந்து, ஊரடங்குக்கு வெகு முன்பே வெளியேறிவிட வேண்டும். பழைய பாலம்தான் உத்தமம். புதியதை எவனும் குறிவைப்பான். பேருந்தில் ஜன்னலோரம் ஆகாது. அவள் வீட்டில் உட்காரவே கூடாது, உட்கார்ந்தால் பேச்சு வளரும். எல்லாம் சரியாக அமைகிற ஒரு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையிலும் ஏதாவது ஒரு குறை இருந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாலை வேலைக்குக் கிளம்பும்போது வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பாலத்தையே தாண்டலையா?"

"முன்யோசனை இல்லாமப் போய் மாட்டிக்கச் சொல்றியா?"

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள சண்டையே ஓஞ்சு, அவங்க பாலத்துக்கு வெள்ளையடிச்சிருப்பாங்க." கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

அவளுக்கென்ன தெரியும். நேற்று தொலைபேசியில் தங்கை பேசியதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அங்கே இருப்பவர்கள் எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் என்று.

"சைரன் நின்னதும் கீழ் வீட்டுலேருந்து தண்ணிக் குழாயில மூணு தட்டு தட்டுவாங்கண்ணா" என்று ஏதோ விளையாட்டைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அடுத்த மாடிக்காரங்க பதில் தட்டிட்டு, அவங்க பங்குக்கு மேல தட்டுவாங்க. அப்படியே எங்க வரைக்கும் வரும். எங்களுக்கு மேல யாரும் இல்ல. எங்க தட்டுதான் கடைசி."

"நீ கரண்டியும் கையுமா உக்காந்திருப்ப."

"ஆமா. சிரிக்காதீங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் தூக்கம் வருது."

"செத்துப்போனவன் எப்படிம்மா பதில் தட்டுவான்? உங்க கட்டடத்துல ஒருத்தருக்கும் இது தோணலையா?"

அவள் முனையில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"அதுக்குத்தாண்ணா… மூணு தரம் தட்டியும் பதில் வரலைன்னா, கீழ இருக்கறவங்க ஏறி வந்து பாப்பாங்க."

அதை இவர் பாதிதான் கேட்டார்; சிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது: "மச்சானுக்கும் ஒரு கரண்டி எடுத்து வைம்மா! வந்தா சும்மா இருக்க மாட்டாரு, குழாய்ல குத்தம் கண்டுபிடிப்பாரு!"

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ஊருக்கே தண்ணியத் தலையில சுமக்கறவரு, முதல்ல பொண்டாட்டியக் கீழ எறக்கட்டும்னு."

"எப்பண்ணா வர்றீங்க? கைபிடிக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்."

"பாக்கலாம். சனிக்கிழமை."

இப்போது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. வாடை கூடத்துக்கே வந்துவிட்டது. துணியில், திரையில், வரைபடத்தின் மடிப்புகளில்கூட ஈரமாக ஏறியிருந்தது. பழைய பாலத்திலிருந்து அவள் தெருவுக்கு விரலை நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

இரும்பின்மேல் இரும்பு. சமையலறையில், கழுவுதொட்டிக்குக் கீழே.

குழாயில் காற்று அடைத்திருக்கும். அந்த மோட்டார்க்காரனைப் பிடித்துக் கேட்க வேண்டும். எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். குழாய் சுவரோடு இறங்கித் தரைக்குள் போயிற்று. விரலால் தொட்டார், ஆற்றில் நெடுநேரம் கிடந்ததுபோல் சில்லென்றிருந்தது. தொட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் வந்தது. டங். டங். டங். விரல் நுனியில் அதிர்ந்தது. காற்றுக்கு இந்த நிதானம் வராது. தட்டிவிட்டுக் காதை வைத்துக் காத்திருக்கும் ஒருவரின் நிதானம்.

கீழேயிருந்து வருகிறது.

இது தனி வீடு. கீழே வீடு கிடையாது. கீழே மண்தான்.

கூடத்தில் தொலைபேசி அடித்தது. மனைவி. மூச்சிரைத்தாள்.

"நியூஸ் பாத்தீங்களா? பம்பு நிலையத்து மேல குண்டு விழுந்திருக்கு. காலையிலயே. கரையே பேர்ந்து, உங்க தங்கச்சி இருந்த கட்டடம் மொத்தமும் ஆத்துக்குள்ள எறங்கிடுச்சாம். ஒருத்தரையும் வெளிய எடுக்க முடியலையாம். கேக்குதா?"

கேட்டது. வாயில் முதலில் வந்தது இதுதான்:

"நான் அப்பவே சொன்னேன்ல."

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சமையலறை வாசலில் நின்றார். மேடையில் கரண்டி கிடந்தது. கையில் எடுத்தார். ஒரு எட்டு வைத்துக் குனிந்து மூன்று தட்டுத் தட்டினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அவருக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. ஆனால் யாருக்குத் தட்டுவது? தட்டினால் அந்தக் கட்டடத்து ஆள் என்று ஆகிவிடாதா? கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த மூடர் கூட்டத்தில் தானும் ஒருவர் என்று? ஆபத்தில் சத்தம் போடுகிறவன்தான் அகப்படுவான். அசையாமல் இருப்பதே பாதுகாப்பு. இத்தனை சனிக்கிழமைகளாக அவரைக் காப்பாற்றியது அதுதான்.

டங்.

டங்.

டங்.

மூன்றாம் தரம்.

கரண்டியை ஓசைப்படாமல் மேடையில் வைத்தார். சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். கூடத்தின் நடுவில், சுவர் எதையும் தொடாமல் நின்றார்.

நிசப்தம்.

பார்த்தாயா, என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சும்மா இருந்தால் எல்லாம் தானாகப் போய்விடும்.

அப்போதுதான் காலடி கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம். வெகு ஆழத்தில். படியேறும் காலடி.

இந்த வீட்டில் படிக்கட்டே இல்லை.

ஒரு கால். இழுத்து அதனருகில் இன்னொரு கால். சற்று நிற்கிறது. மூச்சு வாங்குகிறது. மறுபடி ஒரு கால். முழங்கால் மடங்காதவர்கள் அப்படித்தான் ஏறுவார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு காலடி. கனமானது. அதற்கும் பின்னால் நிறைய.

ஏறி வந்து பாப்பாங்க.

அவள் சொன்னதில் பாதி நேற்று சிரிப்பில் போய்விட்டது; இப்போது முழுதாகக் காதில் விழுந்தது.

"தட்டறேன்!" என்றார். "இதோ தட்டறேன்!" ஆனால் கரண்டி உள்ளே இருந்தது. நாற்காலிக் கையை, மேசையை, சுவரை வெறும் கைமுட்டியால் தட்டினார். மூன்று. மூன்று. மூன்று. மரம் மரமாகத்தான் ஒலித்தது. சுவர் சுவராக.

காலடி கதவருகே வந்து நின்றது.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வந்தது. பழுப்பாக. சில்லென்று.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவு திறந்தது.

அங்கே சமையலறை இல்லை. கீழே இறங்கும் படிக்கட்டு. மேல்படியில் தங்கை, தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறச் சேறு. அவள் தோளைத் தாங்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை. அவருக்குக் கீழே படிக்கு ஒருவராக அந்தக் கட்டடத்து மனிதர்கள், குழந்தைகள். கீழே போகப் போக இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீர். அதற்கும் கீழே அண்ணாந்த முகங்கள் மட்டும். எல்லோர் கையிலும் கரண்டி. எல்லோர் முகத்திலும், தேடி வந்த ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி.

"பதிலே தட்டலையேண்ணா. பயந்துட்டோம்."

"சனிக்கிழமை…" என்றார் அவர். "சனிக்கிழமை வரலாம்னு…"

"பரவால்லண்ணா. நாங்களே வந்துட்டோம்." அவள் ஒரு கையைக் கைபிடிப்பதற்காக நீட்டினாள். மறு கையில் அவருக்கென்று எடுத்து வைத்த கரண்டி இருந்தது. அதிலிருந்து ஆறு சொட்டிக்கொண்டிருந்தது.