நேராக ஓடப் பழகிய ஆவி

2008 நவம்பர், சனிக்கிழமை. காலை ஒன்பது மணி.

ஆனந்தராசா தன் கராஜின் இரும்புக் கதவை அரைவாசி உயர்த்தினார். அடுத்த நொடி கையை விட்டுவிட்டு நடு றோட்டுவரை ஓடினார். கதவுக்கு உள்ளே, ஒரு சாண் தள்ளி, நிஷானின் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

நேற்று மாலை அது பின்சுவரோடு நின்றது. சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனவர் அவரேதான். பூட்டு உடையவில்லை. காரில் ஒரு சொட்டுப் பெற்றோல் கிடையாது. அதை ஓட்டியவன் ஓகஸ்ட் மாதமே மண்ணுக்குள் போய்விட்டான்.

இது இரண்டாம் முறை. இரண்டு கிழமைக்கு முன்னரும் ஒரு காலை, அந்தக் கார் பின்சுவரிலிருந்து வளைந்து வந்து இடப்பக்கச் சுவரில் இடித்து நின்றது. அங்கிருந்த எண்ணெய்ப் பீப்பா நசுங்கிப்போனது. அன்றைக்குத் தொடங்கிய கதைதான், "நிஷான் வாறான்" என்று. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் கிளம்பி, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற பெடியள்வரை போய்விட்டது. நம் ஆட்களுக்கு ஒரு ஆவி கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம்.

பத்து மணிக்கு நிஷானின் மனைவி ஜெயனி வந்தாள். கூடவே சிவமலர்.

சிவமலர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கார்களை மதிப்பிடுபவள். நசுங்கிய தகரத்தைப் பார்த்து, சொந்தக்காரன் எத்தனை பொய் சொல்லியிருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். பேய் பிசாசு என்றால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"அக்கா, மூண்டு மணிக்கு மாதா கோயில் மண்டபத்திலை வாக்கெடுப்பு. அதுக்கு முந்தி இந்தக் காருக்கு என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ." ஜெயனி நிஷானின் சாவிக்கொத்தை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவனுடைய உடுப்போடு கொடுத்த சாவிக்கொத்து. "அவர் வேணுமெண்டு இடிச்சவராம். கோயில் வாசலிலை வைச்சுக் கதைக்கினம். என்ரை பிள்ளை அதைக் கேட்டு வளரக்கூடாது."

விஷயம் இதுதான். மொன்றியலில் இரண்டு சின்னப் பந்தயச் சங்கங்கள். ஒன்று ஸ்டொக் கார். பாரமான பழைய கார்களை வட்டத் தடத்தில் ஓட்டுவார்கள். மற்றது ஸ்போர்ட்ஸ் கார். வளைவு நெளிவான தடத்தில் ஓட்டுவார்கள். இரண்டிலும் ஆட்கள் குறைந்துபோனார்கள். ஒன்றாகச் சேருங்கள், இல்லாவிட்டால் வரும் வருடம் இடமில்லை என்று தடத்துக்காரர் சொல்லிவிட்டார். அன்று பிடித்தது சண்டை. "உங்கடை ஆக்களுக்கு இடப்பக்கம் மட்டும்தானே திரும்பத் தெரியும்" என்று ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் நக்கலடிக்க, "உங்கடை கார் தும்மினாலே உடைஞ்சுபோம்" என்று ஸ்டொக் கார்க்காரர் சொல்ல, ஒரே அமர்க்களம்.

நிஷான் ஸ்டொக் கார் ஓட்டுநர். ஆனாலும் சேர வேண்டும் என்றான். சங்கத் தலைவரான அவனுடைய அண்ணன் ஹென்றி, கூடவே கூடாது என்றார். சோதித்துப் பார்க்க ஓகஸ்டில் நெளிதடத்தில் ஒரு கலப்புப் பந்தயம் வைத்தார்கள். பாதி ஓட்டத்தில், நேர்ப்பாதை முடியும் இடத்தில், நிஷானின் கார் திடீரென்று இடப்பக்கம் பாய்ந்து உருத்திரமூர்த்தியின் ஸ்போர்ட்ஸ் காரை இடித்தது. பிறகு கொங்கிறீட் சுவரின் முனை நிஷானின் கதவைத் துளைத்தது. ஓட்டுநரின் பிழை என்று எழுதி முடித்தார்கள். காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்க ஜெயனி சம்மதிக்கவில்லை.

சிவமலர் காருக்குள் தலையை விட்டாள். வெளியே பனிப்புகார் இறங்கியிருந்தது. கராஜுக்குள் வெளிச்சம் போதவில்லை. கருகின ரப்பர் மணம் இன்னும் போகவில்லை. கிழிந்த கதவு காற்றே இல்லாமல் மெல்லக் கிரீச்சிட்டது. ஆனந்தராசா கழுத்திலிருந்த உருத்திராட்சத்தைப் பிடித்துக்கொண்டார். சிவமலருக்கும் முதுகு சில்லிட்டது. அந்தக் கோபத்தில் கதவை ஒரு தட்டுத் தட்டினாள்.

தரை, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகை, கால் வைக்கும் இடம் எல்லாம் கண்ணாடித் தூள். ஓட்டுநர் இருக்கையில் மட்டும் ஒரு தூள்கூட இல்லை.

"இதை ஆராவது துடைச்சதோ?"

"ஐயோ பிள்ளை, ஆர் உதுக்குள்ளை கை வைப்பினம்?" என்றார் ஆனந்தராசா.

"இந்தக் கதவுப் பூட்டுக்குத் திறப்பு ஆரிட்டை இருக்கு?"

"என்னட்டை ஒண்டு. ஹென்றியிட்டை ஒண்டு."

"சங்கம் ரெண்டும் சேருறது உங்களுக்கு விருப்பமோ?"

"ஏன் விருப்பமில்லாமல்? ரெண்டு பக்கத்துக் காரும் என்னட்டைத்தானே திருத்த வரும்!"

சிவமலர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். நான்கும் ஒரே அளவு. தேய்வும் ஒரே மாதிரி. சலித்துக்கொண்டு எழும்பப் போனவள், முன் வலப்பக்கச் சக்கரத்தில் கையை வைத்தாள். விரலில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது.

ரிம்மின் குழிவில் மெழுகினால் ஒரு குருசு. 

"ஜெயனி, உது என்ன?"

"பெப்ரவரியிலை கோயிலிலை மந்திரிச்சுத் தாற மெழுகுதிரி, அக்கா. ஓட்டத்தண்டு காலமை நாலு சில்லிலையும் துளி விட்டுக் குருசு போடுவன். அண்டைக்கும் போட்டனான்."

சிவமலர் மற்ற மூன்றையும் பார்த்தாள்.

பன்னிரண்டு மணி. உருத்திரமூர்த்தி வந்தான். இடிபட்ட தோள் இன்னும் சரியாக உயரவில்லை.

"கராஜ் திறப்பு உம்மட்டை இருக்கோ?"

"எனக்கேன் அக்கா திறப்பு? நான் இந்தப் பக்கம் வாறதே இல்லை."

"இடிக்கிறதுக்கு முந்தி என்ன கண்டனீர்?"

அவன் காரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான். "நிஷான் அண்ணையின்ரை முகத்தைக் கண்டனான். கோவமில்லை அக்கா, பயம். ரெண்டு கையாலையும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர். கார் இடப்பக்கம் வந்தது."

"இதை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். பேய்க்கதை எண்டவை."

இரண்டு மணிக்கு ஹென்றி வந்தார். வாக்கெடுப்புக்காகக் கோட் போட்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"ஹென்றி அண்ணை, அண்டைக்குக் காலமை ஜெயனி குருசு போட்ட பிறகு ஆராவது காரைத் தொட்டவையோ?"

"ஒருத்தரும் தொடேல்லை. கார் ஓட வெளிக்கிடுமட்டும் நான் பக்கத்திலையே நிண்டனான்."

"வேறை சில்லு மாத்தினதோ?"

"இல்லை. முதல் நாள் ஓடிப் பாத்த அதே நாலும்தான்."

"நல்லது. எல்லாரும் ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

காரைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். ஆனந்தராசா வாசலை விட்டு வரமாட்டேன் என்று நின்றார். சிவமலர் முறைத்த முறைப்பில் வந்து சேர்ந்தார்.

"முதல் தரம் இந்தக் கார் வளைஞ்சு போய் இடப்பக்கச் சுவரிலை இடிச்சது. ரெண்டாம் தரம் நேரா கதவுக்கு வந்திருக்கு. ஒரே நிலம், ஒரே சரிவு. செத்தவர் இடையிலை நேரா ஓடப் பழகினவரோ?"

அவள் குனிந்து முன் வலப்பக்கச் சக்கரத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வட்டத் தடத்திலை எந்த நேரமும் இடப்பக்கம்தான் திரும்பவேணும். அதுக்காக வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் பெரிய சில்லுப் போடுவினம். கையை விட்டாலும் கார் தானா இடப்பக்கம் வளையும். நெளிதடத்திலை அப்பிடிப் போட்டால்? பிறேக் பிடிக்கிற நேரம் ஆளைக் கொல்லும். ரெண்டு கிழமைக்கு முந்தி இந்தக் காரிலை பெரிய சில்லுத்தான் இருந்தது. இப்ப இல்லை. ஆரோ மாத்திப்போட்டினம்."

"அதுக்கு என்ன சாட்சி?" ஹென்றியின் குரல் தணிந்திருந்தது.

"மெழுகு. பந்தயத்திலை பிறேக் சூட்டுக்கு ரிம்மிலை கை வைக்கேலாது. இடப்பக்கத்து ரெண்டு சில்லிலையும் குருசு உருகி வடிஞ்சு போச்சு. வலப்பக்கத்து ரெண்டிலையும் பாருங்கோ. நேற்றுப் போட்ட மாதிரி நிக்குது. இந்த ரெண்டு சில்லும் அந்தப் பந்தயம் ஓடவே இல்லை. ஜெயனி குருசு போட்ட பிறகு கழட்டினது, நேற்று இரவு திரும்பப் பூட்டினது. பூட்டினவர் பேய்க்கதை அடங்காமல் இருக்கட்டும் எண்டு கட்டையையும் எடுத்து விட்டவர். அங்கைதான் பிழைச்சது."

ஜெயனி மெதுவாகத் திரும்பி ஹென்றியைப் பார்த்தாள்.

"வெளிக்கிடுமட்டும் பக்கத்திலை நிண்டது நீங்கள்தான் எண்டு உங்கடை வாயாலையே சொன்னியள்" என்றாள் சிவமலர். "சங்கம் சேரக்கூடாது எண்டு நிண்டதும் நீங்கள்தான். ஆனால் எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை. அளவான வேறை ரெண்டு சில்லை எங்கையாவது வாங்கிப் போட்டிருக்கலாம். குருசும் ஒரு துளி மெழுகு உருக்கி விட்டிருக்கலாம். ஏன் இதையே மூண்டு மாதம் வைச்சிருந்தனீங்கள்?"

ஹென்றி சுவரில் சாய்ந்தார். "எறியத்தான் கொண்டு போனனான். குப்பைக்குப் பக்கத்திலை காரை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். மந்திரிச்ச மெழுகு, பிள்ளை. அவள் போட்ட குருசு. அதை எப்பிடிக் குப்பையிலை எறியிறது? வீட்டு பேஸ்மென்ற்றிலை துணியாலை மூடி வைச்சிருந்தன்." அவர் ஜெயனியின் பக்கம் திரும்பினார். "அவன் சாகவேணும் எண்டு நினைக்கேல்லை. ஆண்டவர் அறிய நினைக்கேல்லை. பின்னுக்கு விழுந்து வரட்டும், இது சரிவராது எண்டு எல்லாரும் காணட்டும் எண்டுதான் போட்டனான். அவன் செத்த பிறகு வந்து பெரிய சில்லை மாத்த எனக்குத் துணிவில்லாமல் இருந்தது. ரெண்டு கிழமைக்கு முந்தி அது தானா இடப்பக்கம் போய் இடிச்சதைக் கண்டாப் பிறகுதான் பயம் பிடிச்சது. அவன்தான் வந்து காட்டிக் குடுக்கிறான் எண்டு நினைச்சன். முதல் தரம் நான் வரேல்லை, சிவமலர். அந்தக் கட்டையை நான் எடுக்கேல்லை."

ஆனந்தராசா "முருகா" என்றார். கிழிந்த கதவு மறுபடியும் கிரீச்சிட்டது.

"தெரியும்" என்றாள் சிவமலர். அவளுடைய குரலில் முதன்முறையாகக் கடுமை இல்லை. "திறப்பு ரெண்டில்லை, மூண்டு. நிஷான்ரை கொத்திலையும் ஒண்டு கிடக்கு. சீற்றிலை கண்ணாடித் தூள் இல்லை. நீ சொல்லுறியோ ஜெயனி, நான் சொல்லட்டோ?"

ஜெயனி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"அவர் இருந்த இடத்திலை ஒருக்கா இருக்கவேணும் போலை கிடந்தது. தூளைத் தட்டிப்போட்டு ஏறி இருந்தன். கட்டையை எடுத்து விட்டன், ஏனெண்டு தெரியாது. கார் உருண்டது. நான் ஸ்டியரிங்கை நேரா பிடிச்சன் அக்கா. முழுப் பலத்தோடையும் பிடிச்சன். அது என்ரை கையை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் போச்சுது." அவள் அழவில்லை. "அப்ப எனக்குத் தெரியும், அவர் திருப்பேல்லை எண்டு. நான் சொன்னால் விசர் எண்டுவினம். அதுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

உருத்திரமூர்த்தி மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்றாகப் போகிறது. "வாக்கெடுப்பு..." என்று இழுத்தான்.

"சேருறதும் பிரியிறதும் நீங்கள் பேந்து பாருங்கோ" என்றாள் ஜெயனி. "முதல்லை அவரின்ரை பேரைத் திருப்பித் தாங்கோ. ஹென்றி அண்ணை, மண்டபத்திலை நீங்கள்தான் முதல் பேச்சு. பேசுங்கோ. பேந்து சிவமலர் அக்காவோடை பொலிசுக்குப் போங்கோ."

மூன்று மணி. மண்டபம் நிறைந்திருந்தது. இடப்பக்கம் ஸ்டொக் கார்க்காரர், வலப்பக்கம் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர், நடுவில் ஒரு வெற்று நடைபாதை. ஹென்றி மைக்கைப் பிடித்தார். எழுதிக் கொண்டுவந்த பேச்சு கோட் பையிலேயே கிடந்தது. செய்ததை எல்லாம் சொன்னார். கடைசியில், யாரும் கேளாத ஒன்றையும் சொன்னார்.

"முதல் சுற்றிலையே தம்பி றேடியோவிலை கூப்பிட்டவன். 'அண்ணை, கார் இடப்பக்கம் இழுக்குது, வெளியிலை வரட்டோ?' எண்டு கேட்டவன். நான்தான், 'ஒண்டுமில்லை, ஓடு' எண்டு சொன்னனான்."

முன்வரிசையில் ஜெயனி எழுந்து நின்றாள். மடியில் தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுப்பாதையால் நடந்து வெளியே போனாள். இரண்டு பக்கத்து ஆண்களும் எழுந்து நின்று அவளுக்கு வழி விட்டார்கள்.