அலை எட்டாத பள்ளத்தாக்கு

ஊசிப்பாறை வளைவைப் பேருந்து தாண்டியதும் செலஸ்டினாவின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த உடனுணரி அணைந்தது. ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவளுடைய கணவன் அவளுக்குள் இல்லை.

தஸ்நேவிஸ் நடுக்கடலில் காற்றாலைக் கோபுரங்களைப் பராமரிப்பவன். வருடத்தில் பத்து மாதம் அங்கேதான். ஆனாலும் அவன் பசி, களைப்பு, சிரிப்பு எல்லாம் நெல்மணி அளவேயான அந்தக் கருவி வழியாகத் தூத்துக்குடி வீட்டில் அவளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். அவளுடையது அவனுக்குள். பிரிவு என்பதே ஊரில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. அதனால்தான் அவனிடம் சொல்லாமல் இங்கே கிளம்பினாள். ஒரு தடவையாவது மனம் அவனைத் தேட வேண்டும். அவனும் தன்னைத் தேட வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கின் இரும்புப்பாறைகள் எந்த அலையையும் உள்ளே விடுவதில்லை. ஓடைக்கரையில் ஆறு கூடாரங்கள், ஒரு சமையல் கொட்டகை. அவ்வளவுதான் முகாம்.

முதல் நாள் மழை. கூடாரம் ஒழுகி, போர்வை நனைந்தது. விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. இரண்டாம் நாள் கணுக்காலில் ஏழு அட்டைகள். மனம் வெறும் வீடுபோலக் கிடந்தது.

"நான் கீழ போறேன்," என்றாள் முகாமைப் பார்த்துக்கொண்ட காளத்தியம்மாளிடம்.

"ரெண்டாம் நாளு எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவ," என்று அந்த அம்மாள் உப்புப் பொட்டலத்தை நீட்டினாள். "அட்டையில இதப் போடுங்க, விழுந்துரும்."

மூன்றாம் நாள் வெயில் வந்தது. ஓடையில் குளித்துவிட்டுப் பாறையில் தலை உலர்த்தும்போது, ஏழு அட்டைக் கதையை அவனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். தாடைத் தழும்பு இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரியவில்லை. எப்போதும் உள்ளேயே இருந்தவனை அவள் இத்தனை வருடம் சரியாகப் பார்த்ததே இல்லை. நெஞ்சு வலித்தது. அந்த வலியை விட மனமில்லாமல் பொழுது சாயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலை முதல் பேருந்தில் ஏறினாள். பாவம், அவன் என்ன பாடுபட்டிருப்பான்? வளைவு தாண்டியதும் அவன் திரும்பவும் அவளுக்குள் நிறைந்தான். நிதானமாக, வயிறு நிறைந்தவனாக. அதில் பதற்றமே இல்லை. அடிவாரத்தில் இறங்கிக் குரலழைப்பு போட்டாள்.

"என்ன செலஸ்டி, வாயால கூப்பிடுத? மேலுக்குச் சரியில்லையா?"

"மூணு நாளா என்னைக் காணலன்னு தேடலையா நீங்க?"

"நீ இங்கனதான இருந்த. நேத்து சாயங்காலம்கூட என்னமோ கோவமா இருந்த. நான் பேசாம இருந்துட்டேன்."

"அது நான் இல்லங்க. நான் ஊசிப்பாறை முகாம்ல இருந்தேன்."

ஒருவர் தொடர்பறுந்தால் மற்றவர் வாடக்கூடாதென்று, உடனுணரிகளை இணைக்கும் கரை நிலையம் அறுந்தவரின் பழைய வழக்கங்களை வைத்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். அது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"போன ஆவணியில நானும் அங்க வந்தேன்," என்றான் அவன் மெல்ல. "லீவு இல்லன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டு அஞ்சு நாள் கிடந்தேன். உன் நினைப்பாவே இருந்துச்சு. திரும்பி வந்தா, நீ ஒண்ணுமே கேக்கல."

செலஸ்டினாவுக்குப் போன ஆவணி நினைவிருந்தது. அவன் அத்தனை அருகில் இருந்ததாகத் தோன்றிய மாதம் வேறில்லை.

"இப்ப எனக்கு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுதுல்லா?" என்றான்.

அவளுக்குள் ஏதோ கனமாக, ஈரமாக ஊறியது. அது யாருடையது?

"தெரியாது," என்றாள். "வாயால சொல்லுங்க."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். ஒன்பது வருடமாக அவனுக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டதில்லை. ஊர்ப் பேருந்து வந்து நின்று, ஒலி எழுப்பிவிட்டுப் போயிற்று. அவள் ஏறவில்லை. அவன் அந்தச் சொற்களைத் தேடட்டும் என்று அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.